கிடைக்காததைக் கிடைக்கவில்லை என்றே எழுதுங்கள்

பெல்வியூ, ரெட்மண்ட், சமாமிஷ், பாதல் பக்கங்களிலிருந்து சனிக்கிழமைதோறும் மலையேறக் கிளம்பும் தமிழ் நண்பர்களுக்கு,



மெயில்பாக்ஸ் பீக் மலையின் பழைய பாதையோரம், ஜிபிஎஸ் எண்ணைப் பார்த்துத் தேடி எடுக்கும் ஒரு ஜியோகேஷ் பெட்டியை வைத்துப் பராமரித்து வருகிறவன் நான். நான் வைத்தது ஒரு பெட்டி. இப்போது அங்கே மூன்று இருக்கின்றன. மேலே வந்து தேடிப் பார்த்துக் கிடைக்காமல் போனவர்கள், கையிலிருந்த டப்பாவுக்குள் துண்டுத் தாளைப் போட்டு, அதில் தாங்களே கையெழுத்தும் போட்டு, ‘கிடைத்தது’ என்று பதிந்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். அப்படி வந்து சேர்ந்தவை மற்ற இரண்டும். ஒன்று மாத்திரைக் குப்பி. யாருடையது என்று தெரியாது. இன்னொன்று ஊறுகாய் டப்பா. மூடியில் எண்ணெய்க் கறை இன்னும் போகவில்லை. உள்ளே இருந்த தாளில் நாலு பெயர், நாலும் தமிழில். அதனால்தான் இந்த மடலும் தமிழில்.

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். பாதையில் எதிர்ப்பட்டால் “இன்னும் எவ்வளவு தூரம் சார்?” என்று மூச்சு வாங்கக் கேட்பவர்கள்தான். சண்டை போட எழுதவில்லை. சும்மா விடவும் மனமில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இந்த ஆட்டத்தின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு மே மாதம் வரை, பொதுமக்கள் பயன்படுத்தும் ஜிபிஎஸ் சமிக்ஞையில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கருவி காட்டும் இடம் நூறு மீட்டர் வரை தள்ளியிருக்கும். அதிபர் கிளின்டனின் உத்தரவுப்படி மே 2ஆம் தேதி அந்தக் கலப்படம் நின்றது. மறுநாளே, நமக்குத் தெற்கே ஆரெகான் மாநிலத்தில், பீவர்கிரீக் என்ற ஊருக்குப் பக்கத்தில் டேவ் உல்மர் என்பவர் ஒரு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து, அது இருக்கும் அட்சரேகை தீர்க்கரேகையை வெளியிட்டார். உள்ளே புத்தகம், வீடியோ, கொஞ்சம் பணம், ஒரு கவண், ஒரு பீன்ஸ் டின். எதையாவது எடுத்தால் எதையாவது வைக்க வேண்டும், குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் விதி. சில நாட்களுக்குள் ஆட்கள் தேடிக் கண்டுபிடித்தும் விட்டார்கள். இன்று உலகமெங்கும் 30 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் ஒளிந்திருக்கின்றன. ஆட்டத்தை நடத்தும் நிறுவனத்தின் தலைமையகம் சியாட்டில் ஃப்ரீமான்ட்டிலேயே இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் தெரியாமலே அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போயிருப்போம்.

வேடிக்கை என்னவென்றால், உல்மரின் வாளிக்கு இன்று அனுமதி கிடைக்காது. மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. தின்பண்டம் வைக்கக் கூடாது. மோப்பம் பிடித்து வரும் பிராணிக்கு பிளாஸ்டிக் மூடி ஒரு பொருட்டே இல்லை. அந்த ஊறுகாய் டப்பாவின் மூடியோரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பல் தடம். காரம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, பாதியில் விட்டுவிட்டுப் போயிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கிடைக்காத பெட்டிக்குப் பதில் தானே ஒன்றை வைத்துவிட்டு வருவதற்கு இந்த ஆட்டத்தில் ‘த்ரோடவுன்’ என்று பெயர். கூடாது என்று வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஊருக்குள் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கடை வாசல் பார்க்கிங்கில், விளக்குக் கம்பத்தின் அடிமூடிக்குள் ஒளித்த ஃபிலிம் டப்பா தொலைந்தால் இன்னொரு ஃபிலிம் டப்பா. யாருக்கு என்ன நஷ்டம்? உரிமையாளர் மதிய இடைவேளையில் வந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

மலை அப்படியில்லை. பழைய பாதையில் சுமார் நாலு கிலோமீட்டருக்குள் 1,200 மீட்டர் ஏற வேண்டும். சராசரியாகப் பத்தடி போனால் மூன்றடி உயரம். வளைந்து வளைந்து போகும் சௌகரியமெல்லாம் கிடையாது. வேரில் கால் வைத்து, அடுத்த வேரைக் கையால் பிடித்து, மரத்தில் அடித்திருக்கும் வெள்ளை மினுக்குத் தகடு கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துப் போகிற பாதை. பாதை தொடங்கும் இடத்திலேயே, இங்கே மீட்புக் குழுவை அடிக்கடி கூப்பிட வேண்டி வருகிறது, உங்கள் சக்தியைத் தெரிந்துகொண்டு ஏறுங்கள் என்ற பொருளில் பலகை வைத்திருக்கிறார்கள். 2014இல் திறந்த புதிய பாதை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நீளம், ஏழரை கிலோமீட்டர். ஏற்றம் அதேதான், ஆனால் கால் தரையில் நிற்கும். பழைய பாதையில் கால் நிற்கிறதா என்பதே ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு கேள்வி. இப்படிப்பட்ட இடத்தில் ஒருவர் பொய்யாக ‘கிடைத்தது’ என்று எழுதினால், அதன் விலையைக் கொடுப்பது இன்னொருவரின் முழங்கால்.

எப்படி என்று சொல்கிறேன். ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு மதிப்பு உண்டு. தேடுவது எவ்வளவு கடினம் என்பது ஒன்று. போய்ச் சேருவது எவ்வளவு கடினம் என்பது இன்னொன்று. ஒன்றிலிருந்து ஐந்து வரை, அரை அரையாக. என் பெட்டிக்குத் தேடல் இரண்டு, தரை நாலரை. தரைக்கு ஐந்து என்றால் கயிறு, படகு மாதிரித் தனிச் சாதனம் வேண்டும். தேடல் இரண்டு என்றால், இடத்துக்கு வந்துவிட்டவர் பதினைந்து இருபது நிமிடத்தில் எடுத்துவிடலாம். அப்படிப்பட்ட பெட்டிக்கு ஒரு ‘கிடைக்கவில்லை’ வந்தால் பொறுத்திருப்பேன், கண் தவறியிருக்கலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று வந்தால், ஏதோ கோளாறு என்று புரிந்து, அந்த வாரமே பையைத் தூக்கிக்கொண்டு மேலே போவேன். பின்னால் வர நினைப்பவர்களும் அந்தப் பதிவுகளைப் படித்து, கொஞ்ச நாள் பொறுக்கலாம் என்று முடிவெடுப்பார்கள். நடுவில் ஒரு பொய்யான ‘கிடைத்தது’ விழுந்துவிட்டால் எல்லாம் கெட்டது. பெட்டி நலமாக இருக்கிறது என்று நான் கீழே உட்கார்ந்திருப்பேன். இல்லாத பெட்டியைத் தேடி ஒருவர் இந்தச் செங்குத்தில் ஏறி, இருட்டும் வரை சரிவில் தடவிக்கொண்டிருப்பார்.

இந்தத் தடவை நடந்தது இன்னும் கோமாளித்தனம். என் பெட்டி எங்கேயும் போகவில்லை. ஊறுகாய் டப்பா இருந்த கட்டைக்கு இரண்டு கை தூரத்தில், விழுந்து கிடக்கும் டக்ளஸ் ஃபிர் மரத்தின் அடியில், வைத்த இடத்திலேயே இருந்தது. குறிப்பேடு ஈரம் படாமல் இருந்தது. டகோமாவில் தயாராகும் மழைக்கு ஊறாத தாள் அது. பென்சிலால் எழுதினால் வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் உங்களுக்குப் பிறகு வந்தவர்களில் சிலர் ஊறுகாய் டப்பாவிலும், சிலர் மாத்திரைக் குப்பியிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்தத் துண்டுத் தாள்கள் நனைந்து மாவாகிவிட்டன. ‘குறிப்பேடு ஈரம், எழுத முடியவில்லை’ என்ற புகார் வந்தது எனக்கு. பெட்டிக்கும் பெட்டிக்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது ஆட்டத்தின் விதி. இங்கே மூன்றும் ஒரே பாயில் படுத்திருக்கின்றன.

ஏன் இப்படிச் செய்கிறோம் என்பதும் எனக்குத் தெரியும். ‘இவ்வளவு ஏறி வந்துவிட்டு வெறுங்கையோடு இறங்குவதா?’ அந்தக் கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. தொடை நடுங்குகிறது, சட்டை நனைந்திருக்கிறது, வீட்டில் ‘எப்போது வருவீர்கள்’ என்று மூன்றாவது செய்தி வந்துவிட்டது. இந்த நிலையில் ‘கிடைக்கவில்லை’ என்று எழுத யாருக்கு மனம் வரும்? மார்க் ஷீட்டோடு வளர்ந்தவர்கள் நாம். பரீட்சை எழுதியாகிவிட்டது, பாஸ் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று தோன்றுகிறது. ஏறியதற்கான மார்க்கை மலை ஏற்கெனவே கொடுத்துவிட்டது ஐயா. ‘கிடைத்தது’ என்பது ஏறியதற்கான சான்றிதழ் அல்ல. பெட்டியைத் திறந்தேன், கையெழுத்துப் போட்டேன், அது நல்லபடியாக இருக்கிறது என்று பின்னால் வருபவருக்குச் சொல்கிற தகவல்.

மலைப் பெட்டிகள் கிடைக்காமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் பெட்டி தொலைந்தது அல்ல. நாம் தேடுகிற விதம்தான். பெட்டிக்குக் கொடுத்திருக்கும் அட்சரேகை தீர்க்கரேகை எண்ணில் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்கு தெற்காக 1.85 மீட்டர், நம் அட்சரேகையில் கிழக்கு மேற்காக ஒன்றேகால் மீட்டர்தான். எண்ணில் அவ்வளவு நுணுக்கம் இருக்கிறது. கையிலிருக்கும் போனில் இல்லை. தலைக்கு மேல் நனைந்த ஃபிர் கிளைகள், ஒரு பக்கத்து வானத்தை முழுக்க மறைத்து நிற்கும் மலை, பாறையில் பட்டுத் தெறித்துத் தாமதமாக வந்து சேரும் சமிக்ஞை. பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளிக் காட்டுவது சகஜம். சமதளத்தில் அது நாலு எட்டு நடை. இந்தச் சரிவில் ஒரு மாடி ஏற்றமாகிவிடும். ஆளாளுக்குப் போனை நீட்டிக்கொண்டு, ‘என் அம்பு இங்கே காட்டுகிறது, உன் அம்பு எங்கே காட்டுகிறது’ என்று பத்துப் பேர் பத்துத் திசையில் போனால் என்ன கிடைக்கும்? போனை ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு இரண்டு நிமிடம் தண்ணீர் குடியுங்கள். எண் ஓரளவு நிலைக்கு வரும். பிறகு போனைப் பையில் போட்டுவிட்டு, ‘இங்கே ஒளிக்க வேண்டுமென்றால் நான் எங்கே ஒளிப்பேன்’ என்று கண்ணால் தேடுங்கள். இயற்கையாக விழாத மாதிரி அடுக்கிய பட்டைகள், மற்ற இடத்தைவிட அழுந்திய பாசி, இவையெல்லாம் போனுக்குத் தெரியாது.

அதைவிட முக்கியம், அம்பு காட்டுவது நேர்கோட்டுத் தூரம். ‘80 மீட்டர்’ என்று பார்த்ததும் சிலர் பாதையை விட்டுவிட்டுக் காட்டுக்குள் நேராக இறங்கிவிடுகிறார்கள். நடுவில் பாறைச் சரிவு இருந்தாலும் அம்பு சொல்லாது. பாதையிலேயே போங்கள், அம்பு பாதைக்குச் செங்குத்தாகத் திரும்பும் வரை போங்கள். அங்கே நின்று பக்கவாட்டில் பாருங்கள். என் பெட்டி பாதையிலிருந்து பத்தடி தள்ளி இருக்கிறது. ஆனால் அதற்குக் கீழே டெவில்ஸ் கிளப் புதருக்குள் புதிதாக ஒரு தடம் விழுந்திருக்கிறது. அந்தச் செடிக்குத் தண்டில் மட்டுமல்ல, இலையின் அடி நரம்பிலும் முள். அதற்குள் நுழைந்து வெளியே வந்தவர்களின் தைரியத்தைப் பாராட்டலாம். ஆனால் சரிவில் விழும் தடம் அடுத்த மழைக்கு வாய்க்காலாகும். வாய்க்காலைப் பார்க்கிற அடுத்தவர் அதுதான் பாதை என்று நினைப்பார். இறங்கும்போது அந்தி நேரத்தில் இங்கே வழி தவறுகிறவர்கள் இந்த மாதிரித் தடங்களில்தான் மாட்டுகிறார்கள்.

இது மாநில இயற்கை வளத் துறையின் நிலம். பெட்டியை எடு என்று அவர்கள் சொன்னால் எடுத்துத்தான் ஆக வேண்டும். பெட்டி வைத்ததால் பாசி மிதிபட்டது, மண் சரிந்தது என்றால் அவர்கள் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்? தேசியப் பூங்காக்களில் பொதுவாகப் பெட்டி வைக்க விடுவதில்லை. அங்கே போகிறவர்களுக்காக ‘எர்த்கேஷ்’ என்ற ஒன்று இருக்கிறது. அமெரிக்கப் புவியியல் சங்கம் 2004இல் தொடங்கி வைத்தது. பெட்டியே கிடையாது. குறிப்பிட்ட இடத்துக்குப் போய், பாறையையோ பனியாற்றுத் தடத்தையோ பார்த்து, கேள்விகளுக்குப் பதில் எழுதி அனுப்ப வேண்டும். டப்பா வைத்துத் தப்பிக்க வழியில்லாததால் நம் குழுவில் அது அவ்வளவாகப் பிரபலம் ஆகவில்லை என்று நினைக்கிறேன்.

இன்னொன்றும் கேட்டுவிடுகிறேன். மரங்கள் முடிந்து பாறைக் குவியல் தொடங்கும் இடத்தில் பாதிக் குழு உட்கார்ந்து எலுமிச்சை சாதப் பொட்டலத்தைப் பிரிக்கிறது. மீதிப் பேர் மேலே போய் அங்கே இருக்கும் வேறொரு பெட்டியை எடுத்து, குழுவின் பெயரை எழுதிவிட்டு வருகிறார்கள். மாலையில் பதிவைப் பார்த்தால், சாதம் சாப்பிட்டவர்கள் உட்பட எல்லோருக்கும் ‘கிடைத்தது’. அங்கே உட்கார்வதில் ஒரு வெட்கமும் இல்லை. ஜூன் வரை மேல் பகுதியில் பனி கிடக்கும் வருடங்களில் அதுதான் புத்திசாலித்தனம். உட்கார்ந்த இடம் வரை வந்ததாக ஒரு குறிப்பு எழுதுங்கள், போதும்.

முதல் ஆளாகப் போய் எடுக்கும் பந்தயம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. புதிய பெட்டி அறிவிப்பு சாயங்காலம் வந்ததும் வேலை முடித்த கையோடு பழைய பாதையில் ஏறுவது வீரமில்லை. அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. மரத்தடியில் அதற்கும் முன்னால். தலைவிளக்கு இல்லாமல், போன் டார்ச் போதும் என்று வருகிறீர்கள். அதே போனில்தான் இரண்டு மணி நேரமாக அம்பு பார்த்திருக்கிறீர்கள். குளிரில் பாட்டரி வேறு சீக்கிரம் இறங்கும். சியாட்டிலின் ‘மவுன்டனியர்ஸ்’ சங்கம் 1930களிலிருந்தே மலைக்குக் கட்டாயம் எடுத்துப் போக வேண்டிய பத்துப் பொருட்களைச் சொல்லி வருகிறது. விளக்கு அதில் ஒன்று. நம்மைத் தேடி இரவில் ஏறி வரும் மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள். மறுநாள் காலை அவர்களுக்கும் ஆபீஸ் உண்டு.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், அவர்களையும் இந்த ஆட்டத்துக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று கேட்டவர்களுக்கு: ஸ்னோக்வால்மி கணவாய்க்குப் போங்கள். ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தை ஒட்டி 2001இல் வைத்த புகழ்பெற்ற பெட்டி ஒன்று, பழைய ரயில் சுரங்கத்தின் மேற்குப் பக்கத்தில் இருக்கிறது. 2011இல் காணாமல் போய், சில வருடங்கள் கழித்துத் திரும்பி வந்த பெட்டி. சுரங்கத்துக்குள் மூன்றே முக்கால் கிலோமீட்டர் நடை. தரை சமம், ஆனால் கும்மிருட்டு, கோடையிலும் ஸ்வெட்டர் வேண்டும். குளிர்காலத்தில் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். அந்தப் பெட்டியைத் தேடி வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். தயவுசெய்து அங்கே யாரும் எதையும் ‘மாற்றி’ வைத்துவிட்டு வராதீர்கள்.

எங்கேயாவது எதையாவது வைத்தே தீர வேண்டும் என்று கை பரபரத்தால், மலை உச்சியில் நிஜமான தபால் பெட்டி ஒன்று நிற்கிறது. மலைக்குப் பெயரே அதனால் வந்தது. அதில் கடிதம் போடுங்கள், படம் வரைந்து போடுங்கள். யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள். சாப்பாட்டுப் பொருள் மட்டும் வேண்டாம்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் மேலே போகிறேன். இரண்டு உபரிப் பெட்டிகளையும் எடுத்து வருவதாக எண்ணம். பழைய பாதையில் ஏறி, புதிய பாதையில் இறங்குவோம். வருகிறவர்கள் வரலாம். வண்டிக்கு டிஸ்கவர் பாஸ் வேண்டும். ஏழரைக்கு மேல் வந்தால் நிறுத்த இடம் கிடைக்காது. தலைவிளக்கு, மழைச் சட்டை, ஒரு பென்சில். பால்பாயிண்ட் பேனா குளிரில் எழுதாது.

அதற்கு முன் ஒரு வேலை. டப்பா வைத்துவிட்டு எழுதிய பதிவுகளைத் திறந்து, ‘கிடைத்தது’ என்பதை ‘கிடைக்கவில்லை’ என்று மாற்றுங்கள். பழைய தேதியிலேயே மாற்ற வழி இருக்கிறது. கூடவே எங்கெங்கே தேடினீர்கள் என்று இரண்டு வரி எழுதினால், ஒளித்த இடம் தேவைக்கு அதிகமாகக் கடினமாகிவிட்டதா என்று எனக்கும் தெரியும். தேடல் மதிப்பை இரண்டரையாக்கவும் தயார். அந்தச் சனிக்கிழமை வரை காத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை இரவு, மாற்றாத பதிவுகளை உரிமையாளர் என்ற முறையில் நானே நீக்கிவிடுவேன். வருத்தப்படக் கூடாது.

அன்புடன்,
பெட்டிக்குச் சொந்தக்காரன்
நார்த் பெண்ட்